சக்கரம் ஏன் ஆடுகிறது?

(மேல் டிவிஷன் வாசிகசாலையில் ஞாயிறு மாலை நடைபெற்ற கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



வழக்கமாக இங்கே வந்து நின்றால் தடுப்பூசி, குடிதண்ணீர், சேமலாப நிதி என்றுதான் நாம் பேசுவோம். இன்றைக்குச் சக்கரத்தைப் பற்றிப் பேச்சு என்று அறிவித்ததும், "நம்ம வெல்பெயார் ஐயா எப்ப மெக்கானிக் ஆனாரு?" என்று பெரட்டுக் களத்தில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். நாம் மெக்கானிக் இல்லை. ஆனால் பதினான்கு உயிர்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு வானில், ஆடுகிற சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அது காத்து, பேசாம இரு" என்று ஒரு சின்னப் பிள்ளையை அதட்டியவர் நாம். அந்தக் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது என்றுதான் இந்தக் கூட்டம்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நம் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு யாழ்ப்பாணம் போனது உங்களுக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழா பார்ப்பது, பிறகு பருத்தித்துறை போய்க் கடல் பார்ப்பது என்று திட்டம். வாடகை வான். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஆறு பேர். கண்டி, தம்புள்ளை, வவுனியா வழியாக ஏ9 பாதையில் போனோம். மாங்குளத்துக்குப் பக்கத்தில் இடது பின்சக்கரம் காற்றுப் போய்விட்டது. இருட்டு நேரம். ஜாக்கி வைத்துத் தூக்கி, உதிரிச் சக்கரத்தை மாட்டி, தம்பி நட்டுகளை இறுக்கினார். சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போதே இறுக்கியதோடு சரி. ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. பிள்ளைகள் தூக்கத்தில் அழுதார்கள், நாமும் "கெதியா போவோம் தம்பி" என்று அவசரப்படுத்தினோம். குற்றத்தில் பாதி நம்முடையது.

அடுத்த நாள் காலை யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் புறப்பட்டோம். கோப்பாய், புத்தூர் தாண்டினால் வல்லை வெளி என்று ஓரிடம். மரம் கிடையாது, வீடு கிடையாது. இரண்டு பக்கமும் தரவையும் தண்ணீரும். ஓகஸ்ட் மாதத்தில் சோளகக் காற்று அங்கே பலமாக வீசும். சைக்கிள்காரர்கள் குனிந்துகொண்டு மிதிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் பின்சீட்டு ஓரத்தில் இருந்த ஒன்பது வயதுப் பிள்ளை, "எனக்குக் கீழ ஏதோ ஆடுதுங்க" என்றது. பெரியவர்கள் எல்லோரும் காற்று என்றோம். சாரதித் தம்பியும் காற்று என்றார். நாமும்தான். நெல்லியடி வந்தது, அங்கே காற்று இல்லை. அப்போதும் ஆடியது. பாதை சரியில்லை என்று சொல்லிக்கொண்டோம். வேண்டாத உண்மைக்குப் பதிலாக மனது எத்தனை காரணம் கண்டுபிடிக்கிறது பாருங்கள்!

பருத்தித்துறைப் பட்டினத்தில் வடை வாங்க வானை நிறுத்தினோம். (அந்த ஊர்த் தட்டை வடை ஒரு மாதம் வைத்தாலும் கெடாது என்கிறார்கள், நம் கையில் ஒரு நாளும் தங்கவில்லை.) எதிரில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நம்மிடம் வந்தார்.

"தம்பி, உந்த வானை இனி ஓடாதேங்கோ. பின் சில்லு ஆடுது."

"காத்து பலமா இருந்துச்சுங்க ஐயா" என்றோம்.

"காத்தெண்டா வண்டி முழுக்க ஒரு பக்கம் தள்ளும். இது ஒரு மூலை மட்டுமெல்லோ துள்ளுது. இறங்கிப் பாருங்கோ."

சக்கரத்தை அங்கே சில்லு என்பார்கள். இறங்கிப் பார்த்தோம். ஆறு நட்டில் மூன்று விரலாலேயே சுழன்றன. ஒன்று காணவே இல்லை. ரிம்மில் வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை மாதிரி நீண்டுபோய் இருந்தன. இரண்டு போல்ட்டில் மரை மழுங்கிவிட்டது. பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே!

புதிய போல்ட்டும் ரிம்மும் தேடித் தம்பி போன இரண்டு மணி நேரமும் அந்தச் சைக்கிள் கடை வாங்கில்தான் இருந்தோம். 1916 இல் கட்டிய வெளிச்சவீட்டையும் கடலையும் பார்க்கப் பிள்ளைகளைத் தாய்மாரோடு அனுப்பிவிட்டோம். நமக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, எங்கும் போகத் தோன்றவில்லை.

பெரியவர் தன் வேலையைச் செய்துகொண்டே பேசினார். 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மற்றபடி எல்லாம் சைக்கிள்தான். நோயாளியும் சைக்கிளில், விறகும் சைக்கிளில், வானொலி கேட்பதற்கும் சைக்கிள் டைனமோவைத்தான் சுற்றினார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, சைக்கிளில் கட்டிய மூட்டைதான் பலருக்கு மிஞ்சிய சொத்து. அந்தச் சைக்கிள்களை இந்த மாதிரிக் கடைகள்தான் ஓடவைத்தன. புதுச் சாமான் இல்லாத காலத்தில் பழுதை முளையிலேயே கண்டுபிடிப்பவன்தான் தொழில்காரன் என்றார். அவர் கண் நம் வானின் சில்லைத் தெருவிலேயே பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

அவர் ஒரு சில்லின் நெளிவெடுத்ததைப் பார்த்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சோக்குக் கட்டியை அசையாமல் பிடிக்கிறார். ரிம் எங்கே வெளியே வருகிறதோ அங்கே மட்டும் சோக்கு கோடு போடும். அந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குகிறார். மறுபடி சுற்றுகிறார். கோடு சிறிதாகிறது. பழைய பெரிய சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. ஒரு கம்பி விட்டுப்போனால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். அவை களைத்து விடும். அப்புறம் ரிம் நெளியும். "ஒண்டு போனால் பேசாமல் இருக்கக்கூடாது தம்பி, அது மற்றதைக் கூட்டிக்கொண்டு போகும்" என்றார். நட்டும் அப்படித்தான். ஆறில் ஒன்று தளர்ந்தால் மற்ற ஐந்துக்கும் அதிகச் சுமை.

இனி நம் வாகனங்களுக்கு வருவோம். ஊருக்குத் திரும்பிய பிறகு நம் தோட்டத்து மோட்டார் மெக்கானிக்கிடமும் இன்னும் இரண்டு கராஜ்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். சாராம்சம் ஒன்றுதான். சக்கரம் எப்போது ஆடுகிறது என்று கவனித்தால், ஏன் ஆடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

மெல்லப் போகும்போது சரியாக இருந்து, வேகம் அறுபது எழுபது வந்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறதா? பெரும்பாலும் சக்கரத்தின் எடை சமமாக இல்லை. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் லேசு. இதில் நம் மலைப்பக்கத்துக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது: சேறு. மழைக்காலத்தில் தோட்டப் பாதைச் சேறு ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். 200 கிராம் சேறு ஓரிடத்தில் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். வான் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அது சக்கரத்தை ஏறக்குறைய 3 கிலோ பலத்தோடு வெளியே இழுக்கும். வேகம் இரட்டிப்பாகி 60 ஆனால் இழுப்பும் இரட்டிப்பு என்று நினைக்காதீர்கள். நான்கு மடங்கு! 11 கிலோவுக்கு மேல். அதுவும் வினாடிக்கு ஒன்பது தடவை மேலும் கீழும் அடிக்கிற அடி. தோட்டப் பாதையில் இருபதில் ஓடும்போது ஒன்றும் தெரியாது; மெயின் ரோட்டுக்கு இறங்கி வேகம் எடுத்ததும் தெரியும். ஒரு குச்சியும் ஒரு வாளி தண்ணீரும் போதும், சரியாகிவிடும். சேறு இல்லாமலும் ஆடினால் கராஜில் ஈயக்கட்டி வைத்துச் சமப்படுத்த வேண்டும். ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. விசிறி இதழில் தூசி படிந்தால் மெஷின் முழுவதும் அதிருவதைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம் கூடுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அம்மா தொட்டில் ஆட்டுவதைப் பாருங்கள். தொட்டில் திரும்பி வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தட்டினாலே போதும், உயரமாக ஆடும். நேரம் தவறித் தட்டினால் நின்றுவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் ஆட்ட நேரம் உண்டு. சக்கரத்தின் அடி அந்த நேரத்தோடு ஒத்துப்போனால் சின்ன அடி பெரிய ஆட்டமாகும். லண்டனில் தேம்ஸ் நதி மேல் மிலேனியம் பாலம் என்று ஒரு நடைபாலத்தை 2000 ஜூன் 10 ஆம் திகதி திறந்தார்கள். சனம் திரண்டு நடந்ததும் பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்துக்கு ஏற்ப ஆட்கள் காலை அகட்டி வைக்க, அது இன்னும் ஆடியது. இரண்டு நாளில் மூடி, ஆட்டத்தை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி, 2002 இல்தான் மறுபடி திறந்தார்கள். அத்தனை படித்த பொறியியலாளர்களுக்கே அப்படி. நம் ஆற்றுத் தொங்குபாலத்தில் குதித்து விளையாடுகிற பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளவும்.

மெதுவாக, பத்து இருபதில் போகும்போதே வாத்து நடப்பது மாதிரி வண்டி அசைகிறதா? அது டயரே கெட்டுப்போனதற்கு அடையாளம், அல்லது ரிம் வளைந்திருக்கும். தேய்ந்த டயரின் மேல் புது இறப்பர் ஒட்டிய டாக் டயர் நம் பக்கத்தில் நிறைய ஓடுகிறது. முறையாகச் செய்தது நன்றாகவே உழைக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே ஒட்டு விட்டு, ஓரிடத்தில் கொப்புளம் மாதிரிப் புடைத்திருந்தால் அந்த டயர் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வண்டி நிற்கும்போது டயரைச் சுற்றிப் பாருங்கள், உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கை பொய் சொல்லாது.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் பிரேக் டிரம்மோ டிஸ்க்கோ ஒழுங்காக இல்லை. இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் அவை சூடேறிக் கெட்டுப்போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள்.

ஓட்டோத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் முன்சக்கரம் சின்னது. வண்டியின் திசை முழுவதும் அந்த ஒரே சக்கரத்தில். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் கோன், பெயாரிங் தேய்ந்துவிட்டால் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் ஹேண்டில் தானாகவே இடம் வலமாக அடிக்கத் தொடங்கும். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் படபடவென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வியாதி. 1920களில் காருக்கு மெத்தென்ற டயர் வந்தபோது முன்சக்கரங்கள் இப்படி ஆட, வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்து நடனம் ஒன்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ஷிம்மி. விமானத்தின் முன்சக்கரத்துக்கும் இது வரும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பிடிப்பு இருந்தால் பெயாரிங் குழி விழுந்துவிட்டது. சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் தேய்ந்திருக்கிறது. இன்னொன்று, பின்னால் அளவுக்கு மேல் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகிவிடும், தரையை நன்றாகப் பிடிக்காது. பாடசாலைப் பிள்ளைகள் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு வளைவில் திரும்புவது யார் என்று பெயர் சொல்ல மாட்டோம். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

டிரக்டர் பெட்டிக்கும் இது பொருந்தும். கொழுந்துச் சாக்கை எல்லாம் பின் ஓரத்தில் குவித்தால் பெட்டி டிரக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும், இறக்கத்தில் வால் ஆட்டும். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும்.

வான், லொறிச் சக்கரத்தைச் சோதிக்க ஒரு வழி. ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டை வைத்துப் பத்திரப்படுத்திய பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெயாரிங் அல்லது கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது முன்சக்கரம் ஆடினால் ஸ்டியரிங் கம்பிகளின் மூட்டு. இரண்டையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், வீட்டில் கை வைக்கும் வேலை இல்லை.

எல்லாவற்றிலும் பயங்கரமானது நட்டுத் தளர்வுதான். மற்ற ஆட்டங்கள் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி இருக்கும். நட்டு ஆட்டம் போகப் போகக் கூடும். காலையில் லேசாக இருந்தது மத்தியானம் பலமாகிவிட்டது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சுற்றுகிற இடத்தில் மரை தானாகவே கழலப் பார்க்கும் என்பது பழைய அறிவு. சைக்கிளின் இடது மிதிக்கட்டைக்கு இடமரை போட்டிருப்பது அதனால்தான். பழைய பிரிட்டிஷ் லொறி, பஸ்கள் பலவற்றிலும் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடமரை இருந்தது. இப்போதைய வாகனங்களில் அது அருமை. ஒழுங்காக இறுக்குவதைத்தான் நம்பியிருக்கிறோம். ஒன்றை இறுக்கினால் அடுத்ததாக அதற்கு எதிரில் உள்ளதை இறுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் போனால் ரிம் சாய்ந்து உட்காரும். உட்காரும் இடத்தில் துருவோ மண்ணோ பெயின்டோ இருந்தால் அது ஓட்டத்தில் நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். துடைத்துவிட்டு மாட்டுங்கள். சக்கரம் மாற்றி ஐம்பது, நூறு கிலோமீற்றருக்குள் கட்டாயம் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்! வழியில் தேநீர் குடிக்கக்கூட நிறுத்தினோம், நட்டைப் பார்க்கவில்லை.

தாய்மார்களே, இது ஆண்கள் விஷயம் என்று இருக்க வேண்டாம். பிள்ளையை வானில் ஏற்றும்போது சக்கரத்தில் நட்டை எண்ணுங்கள். நட்டிலிருந்து ரிம்மில் துரு வழிந்து கோடு கோடாக இருந்தால், அது தளர்ந்து உராய்வதற்கு அடையாளம். இன்னொரு மலிவான உபாயம்: எல்லா நட்டும் இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து ரிம் வரைக்கும் நகப்பூச்சால் ஒரு நேர்கோடு போடுங்கள். நட்டு திரும்பினால் கோடு முறிந்து தெரியும். பெரிய லொறிகளில் மஞ்சள் அம்புக்குறி மாட்டியிருப்பார்களே, அதே வேலையை இந்தக் கோடும் செய்யும்.

ஓடும்போதே ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? பயந்து பிரேக்கை அமுக்காதீர்கள். அக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேகம் தானாகக் குறைந்ததும் இடது பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். ஆட்களை இறக்கிப் பாதையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். பிறகு சக்கரத்தின் நடுவுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றச் சக்கரங்களைவிட அது மட்டும் கொதித்தால் பெயாரிங் கெட்டுவிட்டது.

ஏழாம் ஆண்டுப் பையன் ஒருவன் கை தூக்குகிறான். பம்பரம் ஏன் தலையாட்டுது என்கிறான். நல்ல கேள்வி தம்பி. வேகமாகச் சுற்றும்போது பம்பரம் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறையக் குறையச் சாய்வு கூடி, தலை வட்டம் போட ஆரம்பிக்கும். நாம் நிற்கிற பூமியும் அப்படி ஒரு பம்பரம்தான். அதன் தலை ஒரு வட்டம் போட்டு முடிக்க ஏறக்குறைய 26,000 வருடம். அது போக, ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒரு தடவை பூமி தன் அச்சில் சில மீற்றர் தள்ளாடும் என்று 1891 இல் சாண்ட்லர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். அதற்கு நட்டு இறுக்க முடியாது, பயப்படவும் வேண்டாம்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளை இன்றைக்கு இங்கே வந்திருக்கிறது. பருத்தித்துறையில் அன்றைக்கே அதனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம்: நீ சொன்னதுதான் சரி அம்மா. நாங்கள் சொன்னது பிழை.

வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு ஸ்டோர் முற்றத்தில் மோட்டார் மெக்கானிக் இருப்பார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஓட்டோ, வான் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். சைக்கிள் இருந்தால் சைக்கிளும் வரட்டும். பரிசோதனைக்குக் காசு இல்லை. சாமான் மாற்றினால் சாமான் விலை மட்டும். சேற்றைக் கழுவிவிட்டுக் கொண்டுவரவும். நகப்பூச்சு நம்மிடம் இரண்டு போத்தல் இருக்கிறது. சிவப்பு.